திறக்க ஆளில்லாத ஃபைல்கள்: பர்மாத் தமிழ்க் கோயில்களுக்கும் பள்ளிகளுக்கும் ஒரு திறந்த மடல்

ரங்கூன், சிரியம், பெகு, தட்டோன், மோல்மேன் வட்டாரத்துக் கோயில் அறங்காவலர்களுக்கும், தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கும், இளைஞர் சங்கத்துத் தம்பி தங்கைகளுக்கும்

வணக்கம்.

உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். திருவிழா நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கார்டு, பிள்ளைகளின் பரிசுச் சான்றிதழ் என்று ஏதோ ஒன்றுக்காக என் கடைப் படியேறியிருப்பீர்கள். கரண்டு போன நேரத்தில் ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவே "அண்ணே, பிள்ளையார் சுழியை இன்னும் கொஞ்சம் பெரிசாப் போடுங்க" என்று கத்தியிருப்பீர்கள். இருபத்தைந்து வருஷமாகத் தமிழ் அடித்துக் கொடுத்துப் பிழைக்கிறவன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். நன்கொடை கேட்கப் போவதில்லை, பயப்படாமல் படிக்கலாம்.

சங்கதி இதுதான். நம் கோயில்களிலும் பள்ளிகளிலும் வீடுகளிலும் கிடக்கிற கம்ப்யூட்டர் ஃபைல்கள் என்னென்ன வகை, எதை எதில் திறக்கலாம், திறந்த பிறகு எப்படி மாற்றி வைக்கலாம் என்பதற்கு எல்லா ஊருக்கும் பொதுவாக ஒரே ஒரு குறிப்பேடு வேண்டும். அதை நாம் சேர்ந்து எழுத வேண்டும். ஏன் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன்.

போன மாசி மாதம் ஒரு பையன் சிடி ஒன்றைக் கொண்டுவந்தான். மேலே நீல மார்க்கரில் 'கும்பாபிஷேக மலர் 2003 ஃபைனல்' என்று எழுதியிருந்தது. அச்சான மலரின் கடைசிப் பிரதி கோயில் டிரங்குப் பெட்டியில் இருந்ததாம். 2008 மே மாதம் நர்கீஸ் புயலில் கூரை போய், பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி அப்பளக் கட்டு மாதிரி ஆகிவிட்டது. இப்போது அந்த மலரிலிருந்த நன்கொடையாளர் பட்டியல் வேண்டும். எந்தக் குடும்பம் எந்த மண்டபத்துக்குக் கொடுத்தது, அவர்கள் பூர்வீக ஊர் எது என்று அதில்தான் இருக்கிறது. ஒரே ஆளுக்குத் தமிழ்ப் பெயர் ஒன்று, பர்மியப் பெயர் ஒன்று என்று நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு அச்சடித்த பட்டியல், நான் பார்த்த வரையில், அது ஒன்றுதான்.

சிடி சுழன்றது. அதுவே புண்ணியம். உள்ளே ஆறு படங்களும், பக்கம் வடிவமைக்கும் நிரலான பேஜ்மேக்கர் 6.5-இல் செய்த ஒரு ஃபைலும் இருந்தன. 'ஃபாண்ட்ஸ்' என்று ஒரு ஃபோல்டரும் இருந்தது. திறந்தால் காலி.

பேஜ்மேக்கர் ஒரு காலத்தில் நம் தொழிலுக்கு அரிவாள்மணை மாதிரி. அது இல்லாத அச்சுக்கடை கிடையாது. 1985-இல் ஆல்டஸ் கம்பெனி வெளியிட்டது. 1994-இல் அடோபி அந்தக் கம்பெனியையே வாங்கியது. 2001-இல் வந்த 7.0 தான் கடைசி. அதன் பிறகு தங்களுடைய இன்னொரு நிரலான இன்டிசைனுக்குப் போங்கள் என்று கையைக் காட்டிவிட்டார்கள். இன்டிசைனும் சிஎஸ்6 பதிப்பு வரைக்கும்தான் பழைய பேஜ்மேக்கர் ஃபைலைத் திறந்தது. அதற்கு மேலான பதிப்புகளுக்கு அது என்னவென்றே தெரியாது. என்னிடம் இருப்பது மேலான பதிப்பு.

கடைசியில் காசில்லாமல் கிடைக்கிற லிப்ரே ஆபீஸில் 'டிரா' என்ற பகுதி அதைத் திறந்தது. பெட்டிகள் அங்குமிங்கும் நகர்ந்திருந்தாலும் பக்கங்கள் வந்துவிட்டன. ஆனால் தமிழ் வரவில்லை. 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. பாமினி மாதிரி எழுத்துருவில் வேலை செய்தவர்களுக்கு இதைப் பார்த்ததும் சிரிப்பு வரும். மற்றவர்கள் ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். கெடவில்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்கார வைத்த எழுத்துரு அது. எழுத்துருவை எடுத்துவிட்டால் வேஷம் கலைந்து உள்ளே இருக்கிற ஆங்கில எழுத்து தெரிகிறது, அவ்வளவுதான்.

சரி, பாமினி என்று நினைத்து, பழைய எழுத்துருவில் அடித்ததை இன்றைய தமிழ் எழுத்தாக்கும் மாற்றி நிரலில் போட்டேன். முக்கால்வாசி சரியாக வந்தது. 'சூரக்குடி' மட்டும் ஊர்ப் பெயராகவே வரவில்லை. 'கூ', 'சூ', 'மூ' வந்த இடமெல்லாம் வேறு எழுத்து. இந்த வகை எழுத்துருக்களில் அப்படிப்பட்ட உயிர்மெய்களுக்கு இடம் போதாமல் எண் விசைகளுக்கு மேலே இருக்கும் குறிகளில் கொண்டுபோய் வைப்பார்கள். எந்தக் குறியில் எது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆக, இது பாமினியின் சித்தப்பா பிள்ளை. இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொரு குறியாகத் தடவித் தடவிக் கண்டுபிடித்தேன்.

கண்டுபிடித்த பிறகுதான் வெட்கக்கேடு. பழைய ரசீதுப் புத்தகத்தை வேறு எதற்கோ புரட்டும்போது பார்க்கிறேன், 2014-இல் இன்னொரு ஊர்க் கோயிலுக்கு இதே எழுத்துருவை நானே மாற்றிக் கொடுத்திருக்கிறேன்! அப்போது தயாரித்த எழுத்து அட்டவணை, செத்துப்போன ஹார்ட் டிஸ்க்கோடு போய்விட்டது. ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தால் அந்த இரண்டு சாயங்காலம் மிச்சம். மலரை 2003-இல் வடிவமைத்தவரைத் தேடினேன். அவர் இப்போது மலேசியாவில். "சென்னையிலிருந்து யாரோ கொண்டுவந்த சிடியில இருந்த ஃபாண்டுப்பா, பேரு ஞாபகமில்ல" என்றார்.

கவனித்துப் பாருங்கள். ஃபைல் சாகவில்லை. அதைத் திறக்கத் தெரிந்த மனிதர்கள்தான் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நம் ஊர்களில் இந்த வேலை தெரிந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதில் ஒருவர் காலமாகிவிட்டார். இருவர் கடல் தாண்டிப் போய்விட்டார்கள். எனக்கும் கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார்.

1942-இல் யுத்தத்துக்குத் தப்பிக் கால்நடையாகப் போனவர்கள், 1964-க்குப் பிறகு கடைகளை அரசுடைமைக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலேறியவர்கள் விட்டுச்சென்ற காகிதங்களில் என்ன மிஞ்சியது என்று நமக்குத் தெரியும். அவை கரையானுக்கும் மழைக்கும் போயின. ஆனால் கரையான் தின்றது போக மிச்சமிருந்த அரைத் தாளைக் கூட யாரும் படிக்கலாம். ஃபைல் முழுசாக இருந்தும் படிக்க முடியாமல் கிடப்பது புது மாதிரியான இழப்பு.

இனி, நான் கேட்கிற நோட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். வகைக்கு ஒரு பக்கம். உதாரணத்துக்கு விசிடியை எடுத்துக்கொள்வோம். நம் வீடுகளில் கல்யாணம், காதுகுத்து, தீமிதி எல்லாம் அதில்தானே கிடக்கிறது. அந்தப் பக்கத்தில் நான் எழுதுவது இப்படி இருக்கும்:

வட்டைப் போட்டால் நாலைந்து ஃபோல்டர் தெரியும். 'எம்பெக்ஏவி' என்று பெயருள்ள ஃபோல்டருக்குள் போகவும். 'ஏவிசெக்01' என்று தொடங்கி, 'டாட்' என்று முடிகிற பெரிய ஃபைல் இருக்கும். அதுதான் படம். 'டாட்' என்ற வாலைப் பார்த்து மிரள வேண்டாம். எந்த நிரலும் எதற்கும் அந்த வாலை வைத்துக்கொள்ளும். இங்கே உள்ளே இருப்பது எம்பெக்-1 என்ற வீடியோ. 1993-இல் வந்த விசிடி ஏற்பாட்டில் படத்தின் அகலம் வெறும் 352 புள்ளி, அதனால் பெரிய திரையில் மங்கலாகத்தான் தெரியும். அது கோளாறு இல்லை. விஎல்சி என்ற வீடியோ நிரலில் நேராகத் திறக்கும். ஒரு வட்டில் சுமார் 74 நிமிடம்தான் பிடிக்கும் என்பதால் கல்யாணம் மூன்று வட்டாக இருக்கும். தாலி கட்டுவது பெரும்பாலும் இரண்டாவது வட்டில். கணினிக்கு நகலெடுக்கும்போது பாதியில் நின்றால் வட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைக்கவும், வட்டமாகத் துடைக்கக் கூடாது. நகலெடுத்த மூல ஃபைலை அப்படியே வைத்துக்கொண்டு, பார்ப்பதற்கு எம்பி4-ஆக ஒரு பிரதி செய்யவும். செய்து பார்த்தது இன்ன மாதம், இன்ன கம்ப்யூட்டரில், இன்னார்.

அவ்வளவுதான். தாலி கட்டுவது எந்த வட்டில் என்பது எந்த நாட்டுத் தொழில்நுட்பக் கையேட்டிலும் இருக்காது. ஆனால் நம் வீட்டுப் பெண்கள் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

அடுத்தது, ஃபைலின் வாலை நம்பக் கூடாது என்பதை நோட்டின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் எழுத வேண்டும். வால் என்று நான் சொல்வது பெயரில் புள்ளிக்குப் பின்னால் வரும் மூன்று நான்கு எழுத்து. பழைய டாஸ் காலத்தில் பெயருக்கு எட்டு எழுத்து, வாலுக்கு மூன்று எழுத்து என்று கட்டுப்பாடு. அந்த மூன்றுக்குள் உலகத்து நிரல்களெல்லாம் அடித்துப் பிடித்துக்கொண்டன. பெயரை மாற்றுகிற மாதிரி வாலையும் யார் வேண்டுமானாலும் மாற்றிவிடலாம். ஃபைலின் உண்மையான அடையாளம் அதன் தலையில் இருக்கிறது, முதல் சில பைட்டுகளில்.

நோட்பேடில் ஒரு பிடிஎஃப்பைத் திறந்து பாருங்கள். குப்பை குப்பையாக வரும். ஆனால் முதல் வரியின் தொடக்கத்தில் விழுக்காட்டுக் குறியும் பி, டி, எஃப் என்ற மூன்று எழுத்தும் பளிச்சென்று நிற்கும். பிஎன்ஜி படத்தில் இரண்டாவது முதல் நான்காவது பைட் வரை பி, என், ஜி. ஜிப் ஃபைலின் தலையில் பி, கே என்று இருக்கும். அந்த அமைப்பை உருவாக்கிய ஃபில் காட்ஸ் தன் பெயரின் முதலெழுத்துகளை அங்கே பொறித்து வைத்தார். இப்போதைய வேர்டு ஃபைலின், அதாவது டாக்எக்ஸின், தலையைப் பார்த்தாலும் அதே பி, கே தான். ஏனென்றால் டாக்எக்ஸ் என்பது உள்ளே பல ஃபைல்களை வைத்துக் கட்டிய ஒரு ஜிப் மூட்டை. திறக்க மறுக்கும் டாக்எக்ஸின் வாலை ஜிப் என்று மாற்றி அவிழ்த்து, உள்ளிருந்த படங்களை மட்டுமாவது மீட்டுக் கொடுத்திருக்கிறேன். பள்ளி ஆண்டுவிழாப் படங்கள் அவை.

பழைய வேர்டின் டாக் ஃபைல் வேறு சாதி. அதன் தலையில் பதினாறை அடியாகக் கொண்ட எண் முறையில் டி0, சிஎஃப், 11, இ0 என்று வரும். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் 'டாக்ஃபைல்' என்று படிக்கத் தோன்றும். எழுதிய எஞ்சினியர்களின் குறும்பு. பழைய எக்செல்லுக்கும் பவர்பாயின்ட்டுக்கும் இதே தலைதான், அதனால் இதை மட்டும் வைத்து வேர்டு என்று முடிவு கட்ட முடியாது. இதையெல்லாம் பத்தாவது படிக்கிற பிள்ளை அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு நாள் எனக்குக் கொடுங்கள்.

எழுத்துருத் தொல்லை பற்றி நம் நாட்டில் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஸோஜி என்ற பர்மிய எழுத்துருவில் பட்டது போதாதா? 2019 அக்டோபர் 1-ஆம் தேதி நாடு ஸோஜியை விட்டு, எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கிற உலகப் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாறுவதென்று நாள் குறித்தார்கள். அப்போது ஒருவர் அனுப்பிய செய்தி அடுத்தவர் போனில் கொக்கியும் வளையமுமாக வந்து நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். இதில் எனக்கு ஒரு விஷயம் வியப்பு. பர்மியத்துக்கு நேர்ந்த வியாதியும் தமிழுக்கு நேர்ந்த வியாதியும் ஒன்றே. பர்மியத்தில் 'ஏ' ஒலிக்கான குறி, நம் கொம்பு மாதிரியே, எழுத்துக்கு முன்னால் நிற்கிறது. ஸோஜியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசைப்படி முதலில் கொம்பு, பிறகு எழுத்து. யூனிகோடில் வாய் சொல்கிற வரிசைப்படி முதலில் எழுத்து, பிறகு கொம்பு. பாமினியிலும் அதே கதைதான். 'கோயில்' என்பதில் 'கோ'வை அடிக்கக் கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டு. அதை யோசிக்காமல் மாற்றினால் 'ேகாயில்' என்று கொம்பு அந்தரத்தில் தொங்கும். அப்படித் தொங்கும் நோட்டீசு ஒன்று போன ஆடி மாதம் சுவரில் ஒட்டியிருந்ததை நானே பார்த்தேன். என் கடையில் அடித்ததல்ல.

வித்தியாசம் ஒன்று உண்டு. பாமினி ஆங்கில எழுத்தின் இடத்தில் ஒளிந்துகொண்டது, அதனால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஸோஜி பர்மிய யூனிகோடின் வீட்டுக்குள்ளேயே குடியேறியது. போதாததற்கு மோன், ஷான், கரேன் எழுத்துகளுக்கு ஒதுக்கி வைத்திருந்த அறைகளையும் பிடித்துக்கொண்டது. ஆகவே ஒரு பர்மியப் பத்தி ஸோஜியா யூனிகோடா என்று கம்ப்யூட்டரால் ஊகிக்க மட்டுமே முடியும். நம் கோயில் ஃபைல்களோ இரண்டு மொழி ஃபைல்கள். ஒரே பக்கத்தில் மேலே பாமினி வகைத் தமிழ், கீழே ஸோஜி பர்மியம். சென்னையிலோ கொழும்பிலோ இருக்கும் எந்தத் தமிழ் மாற்றியும் இதைத் தனியாகச் சமாளிக்காது. எந்தப் பர்மிய மாற்றியும் சமாளிக்காது. இந்த இரட்டைச் சிக்கல் இந்த மண்ணுக்கே உரியது, இதை நாம்தான் எழுதியாக வேண்டும்.

தமிழ்ப் பக்கத்துக்கும் ஒழுங்கு எளிதில் வந்துவிடவில்லை. 1991-இல் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. ஆனாலும் அச்சுக்கடைகள் அதன் பிறகு வெகுகாலம் தத்தம் எழுத்துருவோடே ஓட்டின. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்ற குறியீடுகளைத் தமிழ்நாட்டு அரசு தரப்படுத்தியது. அதே காலத்தில் இணையத் தமிழர்கள் திஸ்கி என்று ஒன்றை வைத்திருந்தார்கள். 2010-இல்தான் யூனிகோடையும் டேஸ்16 என்ற இன்னொரு குறியீட்டையும் தமிழ்நாட்டு அரசு தரமாக ஏற்றது. நமக்கு எல்லாம் கைவழியாக வந்தவை. சென்னை போய் வந்தவர் ஒன்றைக் கொண்டுவந்தார், மலேசியாவிலிருந்து வந்தவர் முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு நிரலைக் கொண்டுவந்தார், சிங்கப்பூர் மாப்பிள்ளை இன்னொன்று. அதனால் இந்தக் குறியீடுகள் எல்லாமே நம் பெட்டிகளில் சிறிது சிறிது உண்டு.

செட்டிமார் கணக்கு நோட்டுகளை ஸ்கேன் செய்து வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அவற்றில் வரும் மா, காணி, முந்திரி முதலான பின்னக் குறிகளை இதுவரை படமாகத்தான் ஒட்ட முடிந்தது. 2019-இல் வந்த யூனிகோடு 12.0-இல் 'தமிழ்ப் பிற்சேர்க்கை' என்று 51 குறிகளுக்குத் தனி இடம் கொடுத்துவிட்டார்கள். எல்லா எழுத்துருவிலும் அவை இல்லை, போனில் கட்டம்தான் தெரியும். ஆனாலும் அடித்து வைக்க இடம் வந்துவிட்டது. பழைய கணக்கு வாசிக்கத் தெரிந்த பெரியவர் யாராவது உங்கள் ஊரில் இருந்தால் தயவுசெய்து சொல்லி அனுப்புங்கள், நானே வந்து பார்க்கிறேன். அவர்களும் கொஞ்சம் பேர்தான் மிச்சம்.

"இதெல்லாம் ஏற்கெனவே உலகத்தில் யாராவது செய்திருப்பார்களே" என்று கேட்பீர்கள். செய்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் தேசிய ஆவணக் காப்பகம் 2002 முதல் 'ப்ரோனம்' என்ற ஃபைல் வகைப் பதிவேட்டை நடத்துகிறது. ஒவ்வொரு வகைக்கும் பதிப்புவாரியாக எண் கொடுத்திருக்கிறார்கள். பிடிஎஃப் 1.4 என்றால் எஃப்எம்டி/18. ஃபைலின் தலையைப் பார்த்து வகை சொல்லும் 'ட்ராய்டு' என்ற நிரலையும் இலவசமாகத் தருகிறார்கள். அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் எந்த வகை நீடித்து நிற்கும், எது நிற்காது என்று எழுதிவருகிறது. 2012-இல் ஜேசன் ஸ்காட் என்ற ஆவணக் காப்பாளர், 'நவம்பர் மாதம் முழுக்க எல்லோரும் சேர்ந்து உலகத்து ஃபைல் வகைகளைப் பட்டியல் போடுவோம்' என்று அழைக்க, தன்னார்வலர்கள் உட்கார்ந்து எழுதினார்கள். சம்பளமில்லாமல் எழுதியவர்கள். அந்த அழைப்பைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு இந்த ஆசையே வந்தது.

அவர்கள் வேலையை நாம் திரும்பச் செய்ய வேண்டாம். அவர்கள் எண் இருக்கிற இடத்தில் அந்த எண்ணையே நம் பக்கத்தின் மூலையில் எழுதிவிடலாம். ஆனால் அங்கே தேடியும் 'கூ' எந்தக் குறியில் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கு விடை கிடைக்கவில்லை. அவை ஆங்கிலத்தில் உள்ளன. அதோடு, நெட் இருந்தால்தான் அவற்றைப் பார்க்க முடியும். நம் ஊரில் கரண்டு இருக்கும்போது நெட் இருக்காது, நெட் இருக்கும்போது கரண்டு இருக்காது. ஆகவே நம் நோட்டு காகிதத்திலும் இருக்க வேண்டும், மெமரி ஸ்டிக்கிலும் இருக்க வேண்டும்.

போன மாதம் இதைப் பற்றிப் பேசியபோது ஒரு பெரியவர், மரியாதைக்குரியவர், "எதுக்குப்பா இவ்வளவு? எல்லாத்தையும் பிடிஎஃப்பா மாத்திட்டுப் பழசைத் தூக்கிப் போடு" என்றார். ஐயா, அங்கேதான் ஆபத்து. பாமினியில் அடித்ததைப் பிடிஎஃப் ஆக்கினால் கண்ணுக்கு அழகாகத் தெரியும். ஆனால் ஒரு பெயரைத் தேடினால் கிடைக்காது. நகலெடுத்து ஒட்டினால் ஜே, கே, பி, ஓ தான். எழுத்துருவை உள்ளே பதியாமல் செய்த பிடிஎஃப் என்றால் அடுத்த கம்ப்யூட்டரில் கண்ணுக்கும் தெரியாது. நெடுநாள் வைப்பதற்கென்றே பிடிஎஃப்/ஏ என்று ஒரு வகை 2005-இல் ஐஎஸ்ஓ தரமாக வந்தது. எழுத்துரு கட்டாயம் உள்ளேயே இருக்க வேண்டும் என்பது அதன் விதி. அதுகூட எழுத்துருவைத்தான் காப்பாற்றும், பாமினியை யூனிகோடு ஆக்கிவிடாது. படங்களும் அப்படித்தான். ஜேபெக் படத்தைத் திறந்து திருத்தித் திரும்பத் திரும்பச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும். வாட்ஸ்அப்பில் போய் வந்த படத்தை மலருக்குக் கொடுத்துவிட்டு முகம் தெரியவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். மாற்றிய பிரதி வேறு, மூலம் வேறு. மூலத்தை எந்தக் காரணத்துக்காகவும் அழிக்கக் கூடாது. நாளைக்கு நம்மைவிடக் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று வரும்.

நோட்டுக்கு நான் நினைக்கிற சட்டதிட்டம் சிறியதுதான். செய்து பார்த்தவர் மட்டுமே எழுத வேண்டும். கேள்விப்பட்டதை எழுதக் கூடாது. திறக்கவில்லை என்றால் 'இந்த வழியில் திறக்கவில்லை' என்பதையும் எழுத வேண்டும், அடுத்தவருக்கு ஒரு சாயங்காலம் மிச்சமாகும். முன்னவர் எழுதியதை அடிக்காமல், கீழே தேதி போட்டுச் சேர்க்க வேண்டும். 'கோப்பு' என்பதா, 'ஃபைல்' என்பதா, 'கோப்பு வடிவம்' சரியா 'கோப்பு வகை' சரியா என்று வாதாடி ஒரு கூட்டத்தைக் கூட வீணாக்கக் கூடாது. நான் இந்த மடலில் எல்லாவற்றையும் கலந்தே எழுதியிருக்கிறேன், உங்களுக்குப் புரிந்தது அல்லவா? அட்டையில் எந்தக் கோயில் தலைவர் படமும் வேண்டாம். இதை எழுதும்போதே எனக்கு யார் யார் கோபித்துக்கொள்வார்கள் என்று தெரிகிறது.

முக்கியமாக இன்னொன்று. ஒவ்வொரு வகைக்கும் ஒரு மாதிரி ஃபைலை நோட்டோடு சேர்த்து வைக்க வேண்டும். அப்போதுதான் புதிதாக வருபவர் சோதித்துப் பார்க்க முடியும். ஆனால் அந்த மாதிரியில் யாருடைய பெயரும், விலாசமும், பதிவு அட்டை எண்ணும் இருக்கக் கூடாது. சந்தா லிஸ்டை மாதிரியாக அனுப்பாதீர்கள். ஆத்திசூடியில் நாலு வரியை அந்த எழுத்துருவில் அடித்து அனுப்பினால் போதும். எல்லா ஊரும் அதே நாலு வரியை அடித்தால் இன்னும் நல்லது, எழுத்துக்கு எழுத்து பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

ஊருக்கு ஓர் ஆள் கொடுங்கள். கம்ப்யூட்டர் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. பொறுமையும் கையெழுத்தும் இருந்தால் போதும். மாதத்துக்கு ஒரு தடவை, பௌர்ணமி லீவு நாளில், ரங்கூனில் என் கடையிலேயே கூடலாம். தேநீர் என் செலவு. வர முடியாதவர் எழுதிய தாளையும் மெமரி ஸ்டிக்கையும் பஸ்ஸில் கொடுத்துவிடலாம். சேர்த்தெழுதிய நோட்டின் பிரதி ரங்கூனில் ஒன்று, பெகுவில் ஒன்று, மோல்மேனில் ஒன்று என்று மூன்று இடத்தில் இருக்கட்டும். எந்த ஒரு கோயிலுக்கும் அது சொந்தமில்லை.

அதற்கு முன்னால் இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். அலுவலக அறை பீரோவுக்கு மேலே, மணி, தாம்பாளம், உடைந்த மைக் எல்லாம் கிடக்கிற இடத்தில் ஒரு பழைய சிடிப் பெட்டி இருக்கும். அதை இறக்குங்கள். மழைக்காலம் தொடங்கிவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். தூசி தட்டி, மேலே எழுதியிருப்பதை மட்டும் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ரங்கூனில் அச்சுக்கடை வைத்திருக்கும்
உங்களில் ஒருவன்

பி.கு.: மூன்றரை அங்குல ஃப்ளாப்பி படிக்கும் டிரைவ், யூஎஸ்பியில் செருகுவது, யாரிடமாவது வேலை செய்கிற நிலையில் இருந்தால் கொஞ்ச நாளைக்கு இரவல் வேண்டும். தட்டோன் பக்கமிருந்து ஒரு அம்மா பதினேழு ஃப்ளாப்பி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் வீட்டுக்காரர் எழுதிய தமிழ்ப் பாடங்களாம். என் டிரைவ் மூன்றாவது ஃப்ளாப்பியிலேயே நின்றுவிட்டது.